ஃப்ரீஸ் திகதியை முன்கூட்டிச் சொல்லுங்கோ, சொன்னா மாத்தாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல ஆரும் எடுத்துப் பாவிக்கவும் மாத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. லினக்ஸ் எண்ட இயங்குதளம், லிப்ரேஆபிஸ் எண்ட அலுவலக மென்பொருள் எல்லாத்தையும் நல்லாத்தான் அறிமுகம் செய்திருந்தீங்கள், பள்ளிக்கூடங்களுக்கு இது வேணும் எண்டு எழுதினதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதில ஒரு வசனத்தை என்னால அப்பிடியே விட ஏலாமக் கிடக்கு. சம்பளம் இல்லாத ஆக்கள் ஓய்வு நேரத்தில செய்யிற வேலை எண்டபடியா இதுக்கு டெட்லைன் எண்டு ஒண்டும் கிடையாது, முடியிற நேரம் முடியும் எண்டு எழுதியிருந்தது. அது சரியே இல்லை ஐயா. பகல்ல வேற வேலை பாத்துட்டு இரவில இந்த மென்பொருளுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்யிற ஆள் நான், எங்கட முழு வேலையும் ஒரு திகதியைப் பாத்துத்தான் ஓடுது, அந்தத் திகதிக்குப் பேர் ஃபீச்சர் ஃப்ரீஸ்.

ஃபீச்சர் ஃப்ரீஸ் எண்டா விளங்காத விசயம் ஒண்டும் இல்லை. அடுத்த வெர்ஷன் வாறதுக்கு சில கிழமைக்கு முந்தி ஒரு நாளைக் குறிப்பாங்கள், அந்த நாளுக்குப் பிறகு புது வசதி ஒண்டும் உள்ள வராது, உள்ள இருக்கிறதில உள்ள பிழையளைத் திருத்திறது மட்டும் தான் வேலை. கோயில் தேருக்கு நாள் குறிச்சா குறிச்சது தான், சோடனை முடியேல்ல எண்டு ஆரும் தேரை அடுத்த கிழமைக்குத் தள்ளுறேல்ல, முடிஞ்ச சோடனையோட தேர் வெளிக்கிடும், மிச்சத்தை அடுத்த வருசம் பாக்கலாம். இதுவும் அப்பிடித்தான்.

உபுண்டு எண்ட லினக்ஸ் இயங்குதளத்தை எடுங்கோ. 2004 ஒக்டோபர்ல முதல் வெர்ஷன் வந்ததில இருந்து வருசத்துக்கு ரெண்டு தரம், ஏப்ரல்லயும் ஒக்டோபர்லயும், வந்துகொண்டிருக்கு, வெர்ஷன் நம்பரே வருசமும் மாசமும் தான், 24.04 எண்டா 2024 ஏப்ரல். ஒவ்வொரு தரமும் ஃபீச்சர் ஃப்ரீஸ், யூசர் இன்டர்ஃபேஸ் ஃப்ரீஸ், கேர்னல் (இயங்குதளத்தின்ர மையப் பகுதி) ஃப்ரீஸ், பீட்டா (சோதிச்சுப் பாக்க விடுற வெர்ஷன்), ஃபைனல் ஃப்ரீஸ் எண்டு திகதி எல்லாத்தையும் முன்னுக்கே போட்டு வைப்பாங்கள். 2006ல மட்டும் 6.04 எண்டு வர இருந்தது 6 கிழமை பிந்தி ஜூன்ல 6.06 எண்டு வந்தது. அதையும் ஒளிச்சு மறைச்சுச் செய்யேல்ல, நீண்ட காலத்துக்கு சப்போர்ட் குடுக்கப்போற முதல் வெர்ஷன் அது, இன்னும் கொஞ்சம் மெருகு வேணும் எண்டு எல்லாரோடயும் கதைச்சுப் போட்டுத்தான் தள்ளினவங்கள். லினக்ஸ் கேர்னல் இன்னும் இறுக்கம். 9, 10 கிழமைக்கு ஒருக்கா புது வெர்ஷன், அதில முதல் 2 கிழமை மட்டும் தான் புதுசா எதையும் எடுப்பாங்கள், அதை மேர்ஜ் விண்டோ எண்டு சொல்லுறது, ஆர்சி 1 எண்ட முதல் சோதனை வெர்ஷன் வெளிய வந்தா அதோட சரி, பிறகு ஆர்சி 7, சில நேரம் ஆர்சி 8 வரைக்கும் கிழமைக்கு ஒண்டா முழுக்கத் திருத்தம் தான். எங்கட பிள்ளையள் ஏ/எல் ஐசிடியில படிக்கிற பைத்தன் எண்ட நிரல் மொழியும் இப்பிடித்தான், 2020ல 3.9 வந்ததில இருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் ரிலீஸ், மே மாசம் பீட்டா 1 வந்த உடன புது வசதிக்கு அந்த வருசம் இடம் இல்லை.

எனக்கு ஆகப் பிடிச்சது டெபியன் எண்ட இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்துக்காரர் செய்யிற முறை. ரிலீஸ் திகதியை அவங்கள் முன்கூட்டி வாக்குக் குடுக்க மாட்டாங்கள், தயாரானாத்தான் விடுவம் எண்டு சொல்லுவாங்கள், ஆனா ஃப்ரீஸ் திகதியைச் சொல்லுவாங்கள், அதுவும் ஒரே அடியா எல்லாத்தையும் நிப்பாட்டாம படிப்படியா இறுக்கிறது. டெபியன் 13க்கு 2025 மார்ச் 15ல முதல் கட்டம் தொடங்கினது, ஏப்ரல் 15 சொஃப்ட் ஃப்ரீஸ், மே 15 ஹார்ட் ஃப்ரீஸ், ஜூலை 27 ஃபுல் ஃப்ரீஸ், ஓகஸ்ட் 9 வெளிய வந்துட்டுது. பெரிய மாற்றம் செய்யிறவனுக்கு மார்ச்சிலயே தெரியும் தன்ர நேரம் முடிஞ்சுது எண்டு, சின்னச் சின்ன வேலை செய்யிறவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும். சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கிற எத்தினை கொம்பனி இப்பிடித் திகதி சொல்லி வேலை செய்யுது எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

இந்த ஒழுங்கு சும்மா வரேல்ல ஐயா, கஷ்டப்பட்டுத்தான் வந்தது. டெபியன்ல வூடி எண்ட வெர்ஷன் 2002 ஜூலையில வந்தது, அடுத்தது சார்ஜ் 2005 ஜூன்ல தான், கிட்டத்தட்ட 3 வருசம். கேர்னல் 2.4 வந்தது 2001 ஜனவரி, அடுத்த 2.6 வந்தது 2003 டிசம்பர். அதுக்கு ஃபீச்சர் ஃப்ரீஸ் 2002 ஒக்டோபர் 31 எண்டு திகதி வச்சவங்கள் தான், வச்ச பிறகும் வெளிய வர ஒரு வருசத்துக்கு மேல எடுத்தது. ஏன் இப்பிடி இழுபடுது எண்டு பாத்தா, அடுத்த வெர்ஷன் எப்ப வரும் எண்டு தெரியாட்டி இந்தத் தரம் தவறினா ரெண்டு மூண்டு வருசம் காத்திருக்கோணும் எண்ட பயம் எல்லாருக்கும் வந்திரும், அப்ப அரைவாசி முடிஞ்சதையும் இதிலயே சேருங்கோ எண்டு கெஞ்சுவாங்கள், ஒருத்தருக்குச் சேத்தா மற்றவருக்கும் சேக்கோணும், சேக்கச் சேக்கப் புதுப் பிழையள், அதைத் திருத்த இன்னும் மாசக்கணக்கு, அப்ப ரிலீஸ் இன்னும் பிந்தும், பிந்தப் பிந்த இன்னும் கனபேர் தங்கட வேலையையும் கொண்டுவந்து நீட்டுவாங்கள். பொறுக்க ஏலாம ரெட் ஹாட் எண்ட லினக்ஸ் கொம்பனி தங்கட 2.4 கேர்னலுக்குள்ளயே அடுத்ததுக்கு எண்டு செய்த வசதியளைப் பின்னுக்கு எடுத்துப் போட்டு வித்த காலம் அது. 2005 அளவில மேர்ஜ் விண்டோ முறை வந்த பிறகு தான் இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. அடுத்த வண்டில் ரெண்டரை மாசத்தில வரும் எண்டு உறுதியாத் தெரிஞ்சா, இந்தத் தரம் விட்டாலும் பரவாயில்லை எண்டு மனம் ஆறும், ஆரும் கெஞ்ச மாட்டாங்கள். நாள் குறிச்சா மட்டும் காணாது, அடுத்த நாளும் குறிச்சு வைக்கோணும், அப்ப தான் முதல் நாளை ஆரும் மதிப்பாங்கள்.

திகதியை ஆர் குறிக்கிறது எண்டதும் முக்கியம். 2009 ஜூலையில ஸ்பெயின்ல நடந்த டெபியன் மாநாட்டில, இனி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா டிசம்பர்ல ஃப்ரீஸ், இந்த வருச டிசம்பரே முதல் ஃப்ரீஸ் எண்டு அறிவிச்சாங்கள். அஞ்சு மாசம் தான் இருந்தது. வேலை செய்யிற ஆக்களிட்டக் கேக்காமத் திகதி வச்சிட்டீங்கள் எண்டு பெரிய எதிர்ப்பு, கடைசியில அந்த டிசம்பர் திகதியை வாபஸ் வாங்க வேண்டி வந்தது, ஃப்ரீஸ் வந்தது 2010 ஓகஸ்ட்ல, ரிலீஸ் 2011 பெப்ரவரியில. எதிர்த்த ஆக்கள் திகதி வேண்டாம் எண்டு சொல்லேல்ல, எங்களிட்டக் கேட்டுப் போட்டு வையுங்கோ எண்டு தான் சொன்னவங்கள். எனக்கு அவங்கட பக்கம் தான் நியாயம் தெரியுது.

இனி எங்கட கதைக்கு வாறன், இதுக்காகத்தான் இந்தக் கடிதமே. ஃபீச்சர் ஃப்ரீஸுக்குப் பிறகு ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் எண்டு ஒண்டு வரும், மெனு, பட்டன், எச்சரிக்கைச் செய்தி எண்டு திரையில தெரியிற ஒவ்வொரு வசனமும் அதோட பூட்டுப்படும். அதுக்குப் பிறகு கிடைக்கிற கொஞ்சக் கிழமை தான் மொழிபெயர்க்கிற எங்கட காலம். லினக்ஸுக்குத் திரை முகப்புச் செய்யிற ஜினோம் திட்டத்தில இதுக்கு நல்ல கட்டுப்பாடு இருக்கு, ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் வந்த பிறகு ஒரு வசனத்தை மாத்தோணும் எண்டா மொழிபெயர்ப்புக் குழுவிட்ட அனுமதி எடுக்கோணும். வெளிய இருந்து பாக்கிற ஆளுக்கு இது ஏன் இவ்வளவு கெடுபிடி எண்டு இருக்கும். காரணம் இருக்கு. கெட்டெக்ஸ்ட் எண்ட கருவியில தான் இந்த மொழிபெயர்ப்பு அனேகம் ஓடுது, அதில மூல வசனத்தில ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும், ஒரு எழுத்துப் பெரிசானாலும், எங்கட மொழிபெயர்ப்பு ஃபஸி எண்டு குறி விழுந்திரும், ஃபஸி எண்டு விழுந்தது கடைசிப் பைலுக்குள்ள போகாது, ஆரும் திரும்பப் பாத்துச் சரி சொல்லுற வரைக்கும் அந்த இடத்தில ஆங்கிலம் தான் தெரியும். பிரெஞ்சு, ஜேர்மன் குழுவில கனபேர் இருக்கினம், ஒரே இரவில பாத்துச் சரிக்கட்டிப் போடுவினம். தமிழுக்கு விரல் விட்டு எண்ணக் கூடிய ஆக்கள், அதிலயும் ஆள் ஆளுக்கு வேலை, குடும்பம், எங்கட வீட்டு லைன் வேற மழைக்கு அறுந்திரும்.

ஒரு திட்டத்தில, பேர் வேண்டாம், நாங்கள் எல்லாத்தையும் முடிச்சு அனுப்பினாப் பிறகு, ரிலீஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கேக்க ஆரோ ஒரு டெவலப்பர் செட்டிங்ஸ் பக்கத்து வசனங்களை அழகுபடுத்தி விட்டுட்டார். அனுமதியும் கேக்கேல்ல, அறிவிக்கவும் இல்லை. கடைசியில வெளிய வந்ததைப் பாத்தா மேல தமிழ், நடுவில ஆங்கிலம், கீழ தமிழ். அவருக்கு அது சின்ன விசயம், ஆங்கிலம் மட்டும் பாவிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா மூதூர்ப் பக்கம், குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில முதல் தரம் தமிழ்ல கம்பியூட்டரைத் திறக்கிற பிள்ளைக்கு அது தான் முதல் பார்வை, அந்த வாத்தியார் நினைப்பார் தமிழ்க்காரர் அரைகுறையா விட்டுட்டினம் எண்டு. அதிலயும் டெபியன் மாதிரி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாற வெர்ஷனுக்குள்ள அது போய்ச் சேந்தா, அந்தப் பள்ளிக்கூடம் அடுத்ததுக்கு மாறுற வரைக்கும் அந்த ஆங்கிலம் அப்பிடியே தான் கிடக்கும். எனக்கு அப்ப வந்த கோபம் இப்பவும் ஆறேல்ல.

நேரத்தைப் பற்றியும் சொல்லோணும். கனக்கத் திட்டங்கள் வெள்ளிக்கிழமையோட முடியுது எண்டு மட்டும் போடும், எந்த ஊர் வெள்ளி எண்டு போடாது. அமெரிக்காவில வெள்ளி பின்னேரம் எண்டா இங்க சனி விடியிற நேரம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர் இதை ஒழுங்காச் செய்யினம், 2023லயும் 2024லயும் ஃபீச்சர் ஃப்ரீஸ் ஏப்ரல் 8, 0 மணி, எனிவேர் ஒன் ஏர்த் நேரம் எண்டு போட்டவங்கள், உலகத்தில எங்கயாவது ஒரு மூலையில இன்னும் அந்த நாள் பிறக்கேல்ல எண்டா நேரம் இருக்கு எண்டு அர்த்தம். திருகோணமலையில அது 8ஆம் திகதி பின்னேரம் 5.30. எனக்குத் தெளிவாத் தெரியும், சண்டை இல்லை.

திகதி குறிக்கேக்க அவங்கள் கிறிஸ்மஸ் லீவைப் பாக்கிறாங்கள், அது நியாயம் தான். ஆனா ஏப்ரல்ல வாற ரிலீஸுக்குக் கடைசி மொழிபெயர்ப்பு வேலை எல்லாம் எங்கட சித்திரை வருசப்பிறப்போட வந்து மோதுது, நாடே பூட்டிக் கிடக்கும், ஊருக்குப் போற சனம் பஸ்ஸில தொங்கும், அந்தக் கிழமையில ஆர் கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறது. 2022ஐ நினைச்சுப் பாருங்கோ, மார்ச் 31 நாட்டில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு எண்டு அறிவிச்ச நாள், உபுண்டு 22.04 பீட்டா வந்ததும் அதே நாள் தான். எங்களுக்காக உலகம் திகதியை மாத்தோணும் எண்டு நான் கேக்கேல்ல, அப்பிடி மாத்தினா அது ஃப்ரீஸே இல்லை. நான் கேக்கிறது, திகதியை ஒரு வருசம் முந்தியே சொல்லுங்கோ, நேரத்தையும் எந்த வலயம் எண்டதையும் எழுதுங்கோ, ஸ்ட்ரிங் ஃப்ரீஸுக்கும் ரிலீஸுக்கும் இடையில குறைஞ்சது நாலு கிழமை விடுங்கோ, அவ்வளவு தான். முன்னுக்குத் தெரிஞ்சா பெப்ரவரியிலயே பாதியை முடிச்சு வைப்பம், கரண்ட் இல்லாட்டிலும் மழை வந்தாலும் சமாளிப்பம். கடைசி நேரத்தில திகதியைப் பின்னுக்குத் தள்ளினாலும் எங்களுக்கு உதவி இல்லை, ஏனெண்டா அந்தக் கிழமைக்கு லீவு போட்டு வச்ச ஆளுக்கு அடுத்த கிழமை லீவு கிடைக்காது.

அவசரம் வந்தா என்ன செய்யிறது எண்டு கேக்கலாம். 2024 மார்ச் 29, எக்ஸ்இசட் யூட்டில்ஸ் எண்ட, பைலுகளைச் சுருக்கிற மென்பொருளுக்குள்ள ஆரோ கள்ளத்தனமாப் பின்கதவு (ரகசியமா உள்ள நுழையிற வழி) வச்சிருக்கிறதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எண்டவர் கண்டுபிடிச்சார். உபுண்டு 24.04 ஏற்கனவே ஃப்ரீஸுக்குள்ள இருந்தது, பீட்டாவை ஒரு கிழமை தள்ளி, பக்கேஜ் எல்லாத்தையும் திருப்பிக் கட்டினாங்கள், ஆனா கடைசி ரிலீஸ் ஏப்ரல் 25 எண்டு சொன்ன நாளிலயே வந்தது. ஃப்ரீஸ் இருந்தபடியாத்தான் அந்த ஒரு கிழமையை விட இடம் இருந்தது, புது வசதியளையும் அதே நேரம் உள்ள எடுத்துக்கொண்டு இருந்திருந்தா எதைப் பாக்கிறது எதை விடுறது எண்டே தெரிஞ்சிருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட நாட்டு ஆக்களே சஹானா எண்ட அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உடனடியா எழுதினவங்கள், எங்கட கரையும் அழிஞ்ச நேரம் அது, அங்க ஃப்ரீஸ் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது தான். அது வேற. ஒழுங்கா வருசா வருசம் வாற மென்பொருளில, ஃப்ரீஸுக்குப் பிறகும் ஒவ்வொருத்தரும் என்ர வசதி அவசரம் எண்டு சொன்னா அது எங்க போய் முடியும். 2025ல பீகேஷ்எஃப்எஸ் எண்ட, டிஸ்கில பைலுகளை ஒழுங்குபடுத்தி வைக்கிற ஃபைல் சிஸ்டத்தின்ர விசயத்தில அது தான் நடந்தது. டேட்டாவை மீட்கிறதுக்கு உதவிற ஒரு வசதியை அதை எழுதினவர் ஆர்சி நேரத்தில அனுப்பினார், லினக்ஸ் கேர்னலைத் தொடங்கின லினஸ் டோர்வால்ட்ஸ் இது திருத்தம் இல்லை, புது வசதி எண்டு சொன்னார், வாக்குவாதம் முத்தி கடைசியில 6.18 கேர்னல்ல இருந்து அந்த ஃபைல் சிஸ்டத்தையே எடுத்துட்டாங்கள். அனுப்பினவரின்ர நோக்கம் நல்லது, பாவிக்கிற சனத்தின்ர டேட்டாவைக் காப்பாத்தோணும் எண்ட அக்கறை தான். எண்டாலும் நான் டோர்வால்ட்ஸ் பக்கம் தான், ஒருத்தரின்ர நல்ல நோக்கத்துக்காக விதியைத் தளத்தினா அடுத்தவரிட்ட எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது.

இஞ்ச கம்பஸ்ல கம்பியூட்டர் படிக்கிற பிள்ளையளுக்கும் இது தெரிய வேணும். புது ஆக்களைத் திறந்த மூலத் திட்டங்களில வேலை செய்ய வைக்கிற கூகிள் சம்மர் ஒஃப் கோட்ல மொறட்டுவ பல்கலைக்கழகம் பல வருசம் உலகத்திலயே முன்னணியில நிண்டது, எங்கட நாட்டுப் பிள்ளையளுக்குத் திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆனா கன பிள்ளையள் நல்ல ஒரு பட்ச் (மென்பொருளில செய்யிற மாற்றம்) எழுதி ஃப்ரீஸ் தொடங்கின அடுத்த கிழமை அனுப்புதுகள், பதில் வராது, இல்லாட்டி அடுத்த சைக்கிளுக்குப் பாப்பம் எண்டு ஒரு வரி வரும், பிள்ளை மனம் உடைஞ்சு திறந்த மூல வேலையையே விட்டிரும். அந்தத் திட்டத்தைப் பாக்கிற மெயின்டெய்னர் மறுக்கேல்ல, அது அவற்ற ஒழுங்கு. ஃப்ரீஸ் நேரத்தில பிள்ளையள் செய்யக் கூடிய வேலை எவ்வளவோ இருக்கு, பீட்டாவைப் போட்டு தமிழ் எழுத்துரு ஒழுங்காத் தெரியுதோ, கொம்பு கால் எல்லாம் தன்ர இடத்தில நிக்குதோ, கீபோர்ட் மாறுதோ எண்டு பாத்து பிழையை அறிவிச்சு எழுதினா அந்த நேரம் தான் கைகூப்பி வாங்குவினம். விரிவுரையாளர்மார் செமெஸ்டர் ப்ரொஜெக்ட் குடுக்கேக்க அந்தத் திட்டத்தின்ர ரிலீஸ் அட்டவணையையும் சேத்துக் குடுத்தா பெரிய உதவி.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். உங்கட ஞாயிறு கணினிப் பக்கத்தில தங்க விலை போடுற அளவு இடம் காணும், உபுண்டு, டெபியன், ஜினோம், லிப்ரேஆபிஸ் இந்த நாலுக்கும் ஃபீச்சர் ஃப்ரீஸ், ஸ்ட்ரிங் ஃப்ரீஸ், ரிலீஸ் திகதி மூண்டையும் வந்த உடன போடுங்கோ. உபுண்டுவுக்கு அனேகமா பெப்ரவரி கடைசியிலயும் ஓகஸ்ட் நடுப்பகுதியிலயும் ஃபீச்சர் ஃப்ரீஸ் வரும், அதுக்கு ஒரு மாசம் முந்தியே போட்டா மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலையகம் எண்டு எங்க இருந்தாலும் ஆர்வமுள்ள ஆக்கள் அந்தத் தரத்துக்கே வந்து சேருவினம். டெட்லைன் இல்லை எண்ட அந்த வசனத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.